எந்த முருங்கை நம் முற்றத்திற்கு?

"முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான்" என்பது நம் முன்னோர் வாக்கு. முருங்கையை நட்டு அதன் இலையையும் காயையும் உண்டு வாழ்பவன், முதுமையிலும் கோலூன்றாது கைவீசி நடப்பான் என்பதே அதன் பொருள் எனப் பெரியோர் சொல்லுவர். தோவாளை முதல் விளவங்கோடு வரை, கடற்கரை மணலிலும் சரி, மலையடிவாரச் செம்மண்ணிலும் சரி, கிணற்றடியில் ஒரு முருங்கை நில்லாத பழைய வீட்டைக் காண்பது அரிது.

ஆயினும் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். வாழை என்றால் நாஞ்சில் நாட்டார் "எந்த வாழை?" என்று உடனே கேட்பர். மட்டி வேறு, செவ்வாழை வேறு, நேந்திரன் வேறு, பேயன் வேறு என்பதை நம் சிறுவர்களும் அறிவர். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெல்லிலும் அப்படியே; மாங்காயிலும் அப்படியே. முருங்கைக்கு வரும்போது மட்டும், "ஏதோ ஒரு கம்பை ஊன்றி வைப்போம், அது தானே தழைக்கும்" என்று இருந்துவிடுகிறோம். காய் எவ்வளவு நீளம் என்று கேட்பவர்கூட, இலை எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர் அவ்வாறே. நூறு தாய்மாரை எண்ணினால் அவர்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தம் குன்றியவர்கள் என்றால், வீட்டு முற்றத்தில் நிற்கும் சத்துள்ள ஒரு மரத்தைப் பற்றிச் சற்று ஆழ்ந்து அறிந்துகொள்வது வீண்வேலை ஆகாது.

தமிழ் பெயர் கொடுத்த மரம்

உலகத் தாவர நூலார் இம்மரத்தின் இனத்திற்கு வழங்கும் 'மொரிங்கா' என்னும் பெயர் நம் 'முருங்கை' என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. அகநானூற்றின் முதற்பாட்டிலேயே மாமூலனார், வறண்ட பாலை நிலத்து முருங்கையின் வெண்பூக்கள் காற்றில் உதிரும் காட்சியைப் பாடியிருக்கின்றார். வறட்சியில் நின்று பிழைக்கும் மரம் இது என்பதை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே தமிழர் கண்டிருந்தனர் என்பதற்கு அது சான்று.

முருங்கை இனத்தில் உலகெங்கும் 13 வகை மரங்கள் உள்ளன. அவற்றில் நம் வீட்டு முருங்கை ஒன்று. அது இமயமலை அடிவாரத்தின் வடமேற்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டு, இந்தியா முழுவதும் பரவி, பின்னர் ஆப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், அமெரிக்க நாடுகள் எனக் கடல் கடந்து சென்றது. 1999-ஆம் ஆண்டில் இந்திய முருங்கைகளையும் கென்யா நாட்டு முருங்கைகளையும் மரபணு முறையில் ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள், இந்திய மரங்களிடையேதான் வேற்றுமை மிகுதி என்று கண்டனர். இது எதிர்பார்க்கத்தக்கதே. புதிய நாட்டிற்குச் சில விதைகளே சென்றிருக்கும்; பழைய நாட்டில் பல தலைமுறையின் செல்வம் சேர்ந்திருக்கும். அச்செல்வத்தின் ஒரு பகுதி நம் முற்றங்களிலும் இருக்கின்றது.

நம் பக்கத்து முருங்கைகள்

முருங்கையை நம்மவர் இரண்டாகப் பிரிப்பர். போத்து ஊன்றி வளர்த்து, பல ஆண்டு நின்று பயன்தருவது மரமுருங்கை. விதை ஊன்றி, ஆறு ஏழு மாதத்திலேயே காய்க்கத் தொடங்குவது செடிமுருங்கை.

மரமுருங்கையில் பல வகைகள் உண்டு. யாழ்ப்பாண முருங்கை இரண்டு முதல் மூன்று அடி நீளக் காய் தருவது. சாவகச்சேரி முருங்கையின் காய் அதனினும் நீளமானது. பெயர்களே இவை கடல் தாண்டி வந்த வரலாற்றைச் சொல்லுகின்றன. செம்முருங்கையின் காய் நுனி சிவந்திருக்கும். கொடிக்கால் முருங்கை வெற்றிலைக் கொடிக்கால்களில் வளர்க்கப்படுவது; காய் ஒரு சாண் அளவே இருந்தாலும், அதன் இலையை உண்பதும் வழக்கம். பால்முருங்கை, புனமுருங்கை என்ற பெயர்களும் தோட்டக்கலை நூல்களில் இடம்பெற்றுள்ளன. பால்முருங்கையின் காய்க்குச் சதைப்பற்றும் சுவையும் அதிகம் என்பர். இவையன்றிக் கைப்புச் சுவையுடைய காட்டு முருங்கையும் உண்டு.

இப்பெயர்களை இன்று நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? பெயர் மறையும்போது மரமும் மறையத் தொடங்கிவிட்டது என்பதே பொருள். முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போடுவதற்காகவும், மதிற்சுவர் எழுப்புவதற்காகவும், கம்பளிப்புழுவுக்கு அஞ்சியும் வெட்டப்படும் பழைய முருங்கை மரத்தோடு, அதன் தனித்தன்மையும் முடிந்துபோகிறது. மட்டி வாழையைக் காப்பாற்றப் பலர் முன்வந்தனர். புனமுருங்கையைக் காப்பாற்ற யார் வருவர்?

பெரியகுளத்தின் சாதனை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியினர் முருங்கை வேளாண்மையில் பெரும் மாற்றத்தை உண்டாக்கினர். தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் என்னும் ஊரின் நாட்டு முருங்கையிலிருந்து தேர்ந்தெடுத்து, பல தலைமுறை தூய்மைப்படுத்தி, 1989-இல் அவர்கள் வெளியிட்ட வகையே பி.கே.எம். 1. இரண்டடிக்கு மேல் நீளமும், சுமார் 150 கிராம் எடையும் உள்ள காய்கள். ஒரு மரத்தில் ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட காய்கள். பின்னர் எப்போதும்வென்றான் வகையையும் அரசரடி வகையையும் கலந்து, 2000-ஆம் ஆண்டில் பி.கே.எம். 2 என்ற வகையையும் தந்தனர். அதன் காய் நான்கு அடி நீளத்தைத் தொடுவது.

இன்று உலகின் பல நாடுகளில் முருங்கைத் தோட்டம் போடுவோர் தேடிப் பெறும் விதை பெரும்பாலும் பி.கே.எம். 1 தான். எப்போதும்வென்றான் என்ற சிற்றூரின் மரம் உலகை வென்றது என்று சொன்னாலும் தகும்.

ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். இவ்வகைகள் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன? காயின் நீளம், எடை, எண்ணிக்கை, விரைவில் காய்க்கும் தன்மை ஆகியவற்றுக்காக. இலையில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு வைட்டமின் என்று எடைபோட்டுத் தேர்ந்தவை அல்ல அவை. ஆகவே, நிறையக் காய்க்கும் மரமே சிறந்த கீரை தரும் மரம் என்று நாமாக முடிவு செய்துவிடலாகாது. இலைக்காக முருங்கையைத் தேர்வது ஒரு தனி வேலை. அவ்வேலை உலகில் அண்மைக் காலத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

ஒரே இலை, இரண்டு கணக்கு

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை நெடுங்காலமாக வெளியிட்டு வருகின்றது. அதன் பழைய பட்டியலில், 100 கிராம் பச்சை முருங்கையிலையில் புரதம் 6.7 கிராம், சுண்ணாம்புச்சத்து 440 மில்லிகிராம், வைட்டமின் சி 220 மில்லிகிராம் என்று காணப்படும். நம் பள்ளிப் புத்தகங்களிலும் சுகாதாரப் பிரசுரங்களிலும் இடம்பெற்றவை இவ்வெண்களே.

அதே நிறுவனம் நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாதிரிகளைத் திரட்டி, புதிய கருவிகளால் ஆராய்ந்து, 2017-இல் ஒரு புதிய பட்டியலை வெளியிட்டது. அதில் முருங்கையிலையின் புரதம் சுமார் 6.4 கிராம், ஏறக்குறைய பழைய அளவே. சுண்ணாம்புச்சத்தோ சுமார் 314 மில்லிகிராம். வைட்டமின் சி சுமார் 108 மில்லிகிராம். அதாவது பழைய கணக்கில் பாதி. இரும்பு சுமார் 4.5 மில்லிகிராம். மாறாக, வைட்டமின் ஏ-யாக உடலில் மாறும் கரோட்டின், முன்பு சொல்லப்பட்டதைவிட அதிகம்.

இவற்றுள் எது சரி? இரண்டுமே எடுத்த இலைக்குச் சரியாக இருக்கலாம். ஆய்வு முறை மாறியது ஒரு காரணம். இலை மாறியது மற்றொரு காரணம். முருங்கையிலை என்பது எங்கும் ஒரே சரக்கு அன்று. வகை, மண், பருவம், இலையின் முதிர்ச்சி, பறித்தபின் கழிந்த நேரம் ஆகிய ஐந்தும் அதன் சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

இதனை நன்கு ஆராய்ந்தவர்கள் தைவான் நாட்டிலுள்ள உலகக் காய்கறி மையத்தினர். பல நாட்டு முருங்கைகளை ஒரே இடத்தில் வளர்த்து அவர்கள் ஒப்பிட்டனர். வெப்பமும் மழையும் கூடிய பருவத்தில் பறித்த இலையில் வைட்டமின் ஏ மிகுந்திருந்தது. குளிர்ந்த வறண்ட பருவத்து இலையில் வைட்டமின் சி-யும் இரும்பும் மிகுந்திருந்தன. இளந்தளிரைவிட முதிர்ந்த இலையே சத்து மிகுந்தது என்றும் கண்டனர். நம் இல்லத்தரசிகள் கொழுந்தை மட்டும் கிள்ளி எடுத்து, முற்றிய இலையை ஆட்டுக்குப் போட்டுவிடுவது உண்டு. இனி அந்தப் பங்கீட்டைச் சற்று மாற்றிக்கொள்வது நலம்.

துருவைத் தடுக்கும் பொருள்கள்

இரும்பு ஆணி காற்றிலும் ஈரத்திலும் கிடந்தால் துருப்பிடிக்கிறது. அறுத்து வைத்த வாழைக்காய் கறுத்துப் போகிறது. தேங்காய் எண்ணெய் நாளானால் காறல் அடிக்கிறது. இவையெல்லாம் பிராணவாயு செய்யும் வேலை. இத்தகைய ஒரு தேய்மானம் நம் உடலின் உயிரணுக்களிலும் ஓயாமல் நிகழ்கின்றது. அதனைத் தணிக்க வல்ல பொருள்களை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்று விஞ்ஞானிகள் அழைக்கின்றனர். வைட்டமின் சி, கரோட்டின் ஆகியவை இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. தாவரங்கள் பூச்சி, வெயில் ஆகியவற்றிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் குவர்செட்டின், கெம்ப்ஃபெரால் முதலிய பொருள்களும் இதில் அடங்கும்.

இந்தியா, நிகராகுவா, நைஜர் ஆகிய மூன்று நாட்டு முருங்கையிலைகளைச் சித்துராஜு, பெக்கர் என்ற இரு அறிஞர்கள் ஒப்பிட்டு 2003-இல் கட்டுரை வெளியிட்டனர். மூன்று நாட்டு இலையிலும் இத்தடுப்பான்கள் இருந்தன. அவர்கள் செய்த சோதனைகளுள் ஒன்றில் இந்திய இலையின் சாறு முன்னணியில் நின்றது. 2014-இல் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள், பல நாடுகளிலிருந்து பெற்ற 13 வகை முருங்கைகளை ஒரே வயலில் வளர்த்துப் பார்த்தனர். ஒரே மண், ஒரே நீர், ஒரே வெயில். ஆயினும் இலையின் ஆற்றல் வகைக்கு வகை வேறுபட்டது. மண்ணும் மழையும் மட்டுமே காரணம் அல்ல, பிறப்பும் ஒரு காரணம் என்பது இதனால் உறுதியாயிற்று.

தைவான் மையத்தார் கண்ட மற்றொரு செய்தி இன்னும் சிந்திக்கத்தக்கது. அவர்கள் ஒப்பிட்ட நான்கு முருங்கை இனங்களில், தடுப்பான்களின் ஆற்றல் மிகுந்திருந்தது அரேபியப் பாலைநிலத்தைச் சேர்ந்த ஓர் இனத்தில். ஆனால் கரோட்டின் முதலிய சத்துக்களில் முன்நின்றது நம் வீட்டு முருங்கைதான். 2018-இல் வந்த வேறோர் ஆய்வு, காட்டில் தானே வளரும் முருங்கையையும் மனிதர் வளர்க்கும் முருங்கையையும் ஒப்பிட்டது. புரதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. சுவையிலும், காரப் பொருள்களிலும், தடுப்பான்களின் ஆற்றலிலுமே வேறுபாடு இருந்தது. தலைமுறை தலைமுறையாக நம் பாட்டிமார், "இந்த மரத்து இலை கைக்கிறது, அந்த மரத்துக் கம்பைக் கொண்டு வா" என்று சொல்லித் தேர்ந்தெடுத்ததன் விளைவு இது. சத்தைக் குறைக்காமல் சுவையைக் கூட்டிய அவர்களது தேர்வு, பட்டம் பெறாத விஞ்ஞானம் அன்றோ?

இன்னொரு சிக்கலும் உண்டு. தடுப்பான்களுள் சில, நம் குடலில் இரும்புடன் பிணைந்து, அது இரத்தத்தில் சேராதபடி செய்துவிடுகின்றன. உண்டவுடன் தேநீர் அருந்தலாகாது என்று மருத்துவர் சொல்வது இதன் பொருட்டே. ஆகவே தடுப்பான்கள் மிகுந்த இலையே எல்லார்க்கும் ஏற்ற இலை என்று சொல்ல இயலாது. இரத்தச்சோகை உள்ள தாய்க்கு வேண்டியது ஒன்று. மாத்திரைத் தொழிற்சாலைக்கு வேண்டியது வேறொன்று. எதற்காகப் பயிரிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்த பின்னரே எதைப் பயிரிடுவது என்பதை முடிவு செய்ய இயலும்.

புகழ்ச்சியும் உண்மையும்

1990-களின் இறுதியில், மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் ஒரு கிறிஸ்தவ உதவி நிறுவனத்தின் சார்பில் பணியாற்றிய லோவல் ஃபூக்லி என்பவர், ஊட்டமின்றி வாடிய தாய்மார்க்கும் சேய்களுக்கும் முருங்கையிலைப் பொடியை உணவில் சேர்த்துக் கொடுக்கும் திட்டத்தை நடத்தினார். அங்கிருந்து முருங்கையின் புகழ் உலகெங்கும் பரவியது. பரவும்போது சற்று மிகைப்படவும் செய்தது. "ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி, பாலைவிடப் பன்மடங்கு சுண்ணாம்பு" என்ற விளம்பரங்களை நாம் பொட்டலங்களில் காண்கிறோம்.

இக்கணக்கில் ஒளிந்திருப்பதை விளக்குவோம். அக்காலத்தில் பரவிய பட்டியலின்படியே, 100 கிராம் பச்சிலையில் புரதம் 6.7 கிராம், 100 கிராம் உலர்பொடியில் 27.1 கிராம். இரும்பு பச்சிலையில் 7 மில்லிகிராம், பொடியில் 28.2 மில்லிகிராம். நீர் வற்றியதால் நான்கு மடங்கு செறிந்தது, அவ்வளவே. புதிய சத்து எதுவும் பிறக்கவில்லை. வைட்டமின் சி-யோ பச்சிலையில் 220 மில்லிகிராம் இருக்க, பொடியில் 17 மில்லிகிராம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. உலர்த்தும்போது அது அழிந்துவிடுகிறது. பச்சிலையின் வைட்டமினைச் சொல்லிப் பொடியை விற்பது நேர்மையான வாணிபம் ஆகாது.

மேலும், நூறு கிராம் பொடியை ஒரு நாளில் உண்பவர் யார்? 10 கிராம் பொடி உண்டால், அக்கணக்கின்படி கிடைக்கும் இரும்பு 3 மில்லிகிராமுக்கும் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தபடி, வயதுவந்த ஒரு பெண்ணுக்கு நாள்தோறும் உணவில் வேண்டிய இரும்பு 29 மில்லிகிராம். புதிய பட்டியலின்படி 100 கிராம் பச்சிலை தருவது அதில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே முருங்கைக்கீரை நல்ல துணை. மருத்துவர் தரும் இரும்பு மாத்திரைக்கு அது மாற்று அன்று. கருவுற்ற சகோதரிகள் இதனை மறவாதிருக்க வேண்டும். கீரை உண்ணலாம், ஆனால் முருங்கை வேரையோ பட்டையையோ மருந்தென்று உட்கொள்ளலாகாது. நீரிழிவுக்கும் இரத்தம் உறையாமைக்கும் மருந்து உண்பவர்கள், பொடியை நாள்தோறும் உண்ணத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டல் நலம்.

நம் அடுக்களையின் அறிவு

இலையில் இருக்கும் சத்து உடலில் சேர்வது சமையலைப் பொறுத்தது. தைவான் மையத்தார் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனையில், முருங்கையிலையை நீரில் வேகவைத்தபோது உடல் ஏற்கத்தக்க இரும்பு சுமார் மூன்று மடங்கு கூடியது. பச்சையாக அரைத்துக் குடிப்பதே உயர்ந்தது என்ற எண்ணம் இதனால் பொய்யாகிறது. வேகவைத்த நீரைக் கொட்டாமல் குழம்பிலோ கஞ்சியிலோ சேர்ப்பது நல்லது.

கரோட்டின் கொழுப்பில் கரைவது. சிறிது எண்ணெய்ப் பசை இருந்தால்தான் உடலில் சேரும். தேங்காய் துருவிப் போட்டுச் செய்யும் நம் முருங்கையிலைத் துவரன் அந்தத் தேவையை நிறைவு செய்கிறது. சிறுபயறும் கீரையும் சேர்ந்தால் புரதம் நிறைவு பெறும். மரச்சீனிக் கிழங்கில் மாவுப்பொருள்தான் மிகுதி. புரதம் மிகக் குறைவு. கிழங்கோடு மீன்கறியும் முருங்கைக்கீரையும் சேரும்போது, மீன் தன் சத்தைத் தருவதோடு கீரையின் இரும்பையும் உடல் ஏற்கச் செய்கிறது. மீன் இல்லாத நாளில் ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சைச் சாறோ அவ்வேலையைச் செய்யும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் போதும்.

பொடி செய்ய விரும்புவோர் இலையைக் கழுவி, நேர் வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் நிழலில் உலர்த்துக. வெயிலில் உலர்த்தினால் கரோட்டின் மிகுதியாக அழியும். பொடியை ஒளிபடாத, ஈரம் புகாத கலத்தில் அடைத்து வைக்க வேண்டும்.

எதை நடுவோம்? எப்படித் தேர்வோம்?

நம் மாவட்டம் சிறியது. ஆனால் ஒரே தன்மையது அன்று. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் மழை குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்று பலமானது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. முருங்கை வறட்சியைத் தாங்கும். வேரில் நீர் தேங்குவதைத் தாங்காது. ஆகவே மேற்குப் பகுதியினர் மேட்டுப்பாங்கான இடத்தில், வடிகால் அமைத்து நட வேண்டும். கிழக்குப் பகுதியினர் மரத்தை உயரவிடாது வெட்டிவர வேண்டும். முருங்கை பருத்தால் தூணாகுமா என்பது பழமொழி. மெல்லிய மரம், காற்றில் ஒடியும்.

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்றும் சொல்வதுண்டு. பின்பாதியை நாம் ஏற்க வேண்டியதில்லை. முன்பாதி முற்றிலும் உண்மை. நுனியை ஒடித்தால் பக்கக் கிளைகள் தோன்றும்; கிளை பெருகினால் இலை பெருகும். செடிமுருங்கை இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுமாறு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் கூறுகின்றனர்.

முருங்கையில் வண்டுகளால் அயல் மகரந்தச் சேர்க்கை மிகுதியாக நடைபெறும். அதனால் நல்ல மரத்தின் விதையை ஊன்றினாலும், முளைப்பது தாயைப் போலவே இருக்கும் என்ற உறுதி இல்லை. போத்தோ தாய் மரத்தின் உடலிலிருந்தே வெட்டப்பட்டது; தாயின் குணம் மாறாது. பழைய மரத்தின் இலை சுவையானது, நல்லது என்று கண்டால், அதைக் காக்கும் வழி போத்து நடுவதே. வகை தூய்மையான செடிமுருங்கை வேண்டுமெனில், நம்பகமான விதையை வாங்கியே ஊன்ற வேண்டும். வெளியூர்ச் சந்தைக் காயிலிருந்து எடுத்த விதையை நம்பலாகாது.

தம் வீட்டுத் தேவைக்கு மரத்தைத் தேர்வோர் இவற்றைக் கவனிக்கலாம்: இலை கைப்பின்றி இருக்கிறதா, கிளையை வெட்டிய பின் எத்தனை நாளில் மீண்டும் தழைக்கிறது, மாசி, பங்குனிக் கோடையிலும் இலை நிற்கிறதா, மழைக்காலத்தில் கம்பளிப்புழு எவ்வளவு பற்றுகிறது. சத்தை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. ஆனால் குழந்தை விரும்பி உண்ணாத இலையில் எவ்வளவு சத்து இருந்தென்ன? ஆண்டு முழுவதும் கிடைக்காத கீரை எவ்வளவு உயர்ந்ததாயினும் என்ன? உண்ணப்படும் கீரையே சத்துள்ள கீரை.

இடமுள்ள குடும்பங்களுக்கு நாம் பரிந்துரைப்பது இதுவே. முற்றத்தின் ஒரு மூலையில், ஊரில் நல்ல பெயரெடுத்த பழைய மரத்திலிருந்து ஒரு போத்து. மறுபுறம் நான்கு முழ நீளப் பாத்தியில், நெருக்கமாக ஊன்றிய பத்துப் பதினைந்து செடிமுருங்கை. செடிகளை இடுப்பளவுக்கு மேல் வளரவிடாமல் முறைவைத்து வெட்டிவந்தால், மரமேறாமலே கீரை பறிக்கலாம். கம்பளிப்புழுவையும் எளிதில் கண்டு அகற்றலாம். மரத்தில் புழுக்கள் கூட்டமாகத் தங்கும் நாளில், அடிமரத்தில் திரண்டிருக்கும்போதே அழித்துவிட்டால், மரத்தை வெட்டவேண்டிய அவசியம் நேராது. ஐயமுள்ளவர்கள் திருப்பதிசாரத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.

நம் கையில் உள்ள கடமை

தமிழக அரசு முருங்கைக்கெனத் தனி ஏற்றுமதி மண்டலத்தை அறிவித்தபோது, தேனி, திண்டுக்கல், கரூர், தூத்துக்குடி, அரியலூர், திருப்பூர், மதுரை ஆகிய ஏழு மாவட்டங்கள் இடம்பெற்றன. நம் மாவட்டம் அதில் இல்லை. அதற்காக வருந்தவேண்டியதில்லை. பெருந்தோட்டங்களில் ஒரே வகைதான் பல ஏக்கரில் நிற்கும். ஒரு நோயோ ஒரு பூச்சியோ வந்தால் அனைத்தும் ஒன்றாக வாடும். நாளை இலைக்கென்றே ஒரு புதிய வகையை உருவாக்க விரும்பும் விஞ்ஞானி, அதற்கான மூலத்தைத் தேடிப் பெருந்தோட்டத்திற்குச் செல்லமாட்டார். நம்போன்றோர் வீட்டு முற்றத்திற்குத்தான் வருவார். எப்போதும்வென்றானில் யாரோ ஒருவர் தம் மரத்தை வெட்டாமல் வைத்திருந்ததனாலன்றோ பி.கே.எம். 1 பிறந்தது?

ஆகவே, வீடு கட்டவோ மதில் எழுப்பவோ பழைய முருங்கையை வெட்ட நேர்ந்தால், வெட்டுவதற்கு முன் நான்கு போத்துக்களை எடுத்து, நான்கு வீட்டிற்குக் கொடுங்கள். கொடுக்கும்போது அம்மரத்தின் பெயரையும், அது எங்கிருந்து வந்தது என்பதையும், அதன் இலையின் சுவையையும் சொல்லிக் கொடுங்கள். வயது முதிர்ந்த பாட்டிமார் உள்ள வீடுகளில், "இது என்ன முருங்கை, பாட்டி?" என்று பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்கட்டும். மருமகளாகச் செல்லும் பெண்ணுடன் பாத்திரங்களும் பண்டங்களும் செல்கின்றன. அவற்றோடு தாய்வீட்டு முருங்கையின் ஒரு போத்தும் சென்றால், அவளுக்கும் அவள் பெறும் குழந்தைக்கும் அதைவிடப் பயனுள்ள சீர் வேறு உண்டோ?